வாய்க்கால் எண் முப்பத்தொன்று

அமலோற்பவம் அனுப்பிய படங்கள்
பதினோராயிரத்துச் சொச்சம்.
ஒவ்வொன்றிலும் மயிரிழையைவிடக் குறுகிய வாய்க்கால்கள்,
ஒரு முனை அடைத்தது.
உள்ளே வரிசையாய் நெருக்கியடித்து பாக்டீரியாக்கள்,
வெள்ளிக்கிழமை மாலை கடலூர் பஸ்ஸில்
நாங்கள் நிற்கிற மாதிரி.

அவள் வளர்க்கிறாள். நான் அளக்கிறேன்.
காலாப்பட்டில், கடலுக்கு முதுகு காட்டிய அறையில்
ஐந்து மாதமாய் உதவித்தொகை வராத கணக்குக்காரி.

கேள்வி என்னவோ சின்னதுதான்:
பிரிய வேண்டிய நேரம்
இதற்கு எப்படித் தெரிகிறது?

முதலில் கடிகாரம் என்று எழுதினேன்.
இருபத்தைந்து நிமிடம் ஆனதும் பிரி.
ஓடவிட்டால்
நாற்பதாம் தலைமுறையில் ஒன்று தூசாகிவிட்டது,
ஒன்று புடலங்காய்.

பிறகு கோடு.
அரை டிக்கெட்டுக்கு பஸ் கதவோரம் போட்டிருப்பார்களே, அது.
நான்கு மைக்ரான் தொட்டதும் பிரி.
பெரிதாய்ப் பிறந்தவை கோட்டைத் தாண்டிப் போயின,
சிறிதாய்ப் பிறந்தவை கோடு வருமுன்பே பிரிந்தன.
ஒன்றுகூட என் கோட்டை மதிக்கவில்லை.

மூன்றாவது விதி ஒரே வரி:
எவ்வளவாய்ப் பிறந்திருந்தாலும் சரி,
இன்னும் இரண்டு மைக்ரான் சேர், பாதியாகு.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும் இதற்கு.
மூன்றாய்ப் பிறந்தது ஐந்தாகி, பாதி இரண்டரை.
இரண்டரை நாலரையாகி, இரண்டேகால்.
அடுத்தது இரண்டே அரைக்கால்.
அடுத்தது இரண்டே வீசம்.
ஒன்றாய்ப் பிறந்ததும்
ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று
இதே வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது.

தலைமுறைக்குப் பாதி பாதியாய்
பிறப்பு மறக்கிறது.

(அன்று மாலைதான் மறுபடி ஒரு படிவம் நிரப்பியிருந்தேன்.
பிறந்த ஊர், வகுப்பு, தந்தையின் ஆண்டு வருமானம்.
கட்டங்கள் என் எழுத்தைவிடச் சிறியவை.)

புயல் அன்று ராத்திரி வந்தது.
இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை.
மைக்ராஸ்கோப்புக்கு யூபிஎஸ் இருந்தது,
ஹீட்டருக்கு இல்லை.
"முப்பத்தேழு இருந்தது இருபத்தொன்பதுக்கு வந்துடுச்சு, பூங்கோதை.
மூணு வார வேலை. எல்லாம் போச்சு."
அவள் குரலுக்குப் பின்னால்
ஏதோ ஒரு தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

போகவில்லை.
இருபத்தைந்து நிமிடம் நாற்பத்தெட்டாகியிருந்தது, அவ்வளவுதான்.
சேர்த்த நீளம்?
இரண்டு. இரண்டு புள்ளி பூஜ்யம் மூன்று.
ஒன்று புள்ளி ஒன்பது எட்டு. இரண்டு.
குளிரில், இருட்டில், நிதானமாய்
அதே இரண்டு.

போனில் கத்தினேன். அவளும் கத்தினாள்.
தகரமும்.

வாய்க்கால் எண் முப்பத்தொன்றைத் தவிர.
அதில் ஒன்று பிரியவே இல்லை.
ஆறு, பத்து, பதினான்கு,
வாய்க்கால் வாயைத் தாண்டி
ஓடுகிற நீரில் வாலை நீட்டி, பத்தொன்பது மைக்ரான்.
பிழை என்று குறித்து நீக்கப் போனேன்.
அமலோற்பவம் ஒரே வார்த்தை அனுப்பினாள்: "இரு."

விடியற்காலை ஐந்தரைக்கு
அதன் ஓரத்தில் ஒரு சுவர் விழுந்தது.
நடுவில் இல்லை, ஓரத்தில்.
ஊரை வெள்ளைக்கும் கறுப்புக்குமாய் வகிர்ந்த
பெரிய வாய்க்கால்கூட
நட்டநடுவில் ஓடுகிறதா என்ன.
இரண்டு மைக்ரான் துண்டொன்று கழன்று
நீரோடு போனது.
கொஞ்சம் கழித்து இன்னொன்று.

என் நிரலில் ஏழாம் வரியில்
'பாதி' என்று எழுதியிருக்கிறேன்.
கர்சர் அங்கே நின்று
சிமிட்டிக்கொண்டிருக்கிறது.
வெளியே சவுக்குத் தோப்பில் பாதி விழுந்துகிடப்பதாய்ச் சொல்கிறார்கள்.
பாதியா, பாதிக்குக் கொஞ்சம் கூடவா,
யாரும் இன்னும் எண்ணவில்லை.